கடைசியாக வசித்த இடம்

எங்கள் சந்தைக்குள் 'இலவசம்' என்று உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் மூன்று பேர் முறைப்பார்கள். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் பழைய மரக்கிடங்கு ஒன்றை எடுத்து, லாவோஸ் மலைகளிலிருந்து வந்த ஹ்மோங் ஜனங்களான நாங்கள் போட்ட சந்தை அது. பப்பாளிக்காய் இடிக்கிறவள் முதல் மண்வெட்டி விற்கிறவன் வரைக்கும் வாயைத் திறந்தால் விலைதான் வரும். நான் அதில் புத்தாண்டு உடுப்புக்கடை வைத்திருக்கிறேன். இடுப்புப் பட்டையில் வரிசையாகத் தொங்கும், பிரெஞ்சுக்காரர் லாவோஸை ஆண்ட காலத்துக் காசுகளைத் தொட்டுப் பார்த்து, "இது அசல் வெள்ளியா?" என்று கேட்பவர்களிடம், "அசல் மாதிரியே சத்தம் போடும்" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட கடையின் பின்பக்கம், பாவாடைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் தங்கை ப்ளியா உலகத்துக்கே இலவசப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில்தான். அவள் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தை மூடிவிட்டார்கள். கையில் நேரம் இருந்தது. நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

"அண்ணே, மேலே கொட்டை எழுத்துல 'முழுக்க முழுக்க இலவசம்'னு போட்டிருக்கேன். சரியா?"

"போடு. அப்படியே இந்தக் கடை வாடகையும் இலவசம்னு போட்டுடு. படிக்கிறவன் எவனாவது கட்டுவான்."

"உனக்கு எதுக்கும் ஒரு விலை வேணும்."

"விலை இல்லாத சரக்கை நம்ம ஆளுங்க நம்பமாட்டாங்க தங்கச்சி. அழுகினதுன்னு நினைச்சுப்பாங்க."

ஆனால் நம்பினார்கள். எங்கள் மொழியை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது, ஒரே சொல்லைக் குரல் ஏற்றி இறக்கி எத்தனை விதமாகச் சொல்வது, புத்தாண்டில் பந்து வீசும்போது பையன் பெண்ணிடம் என்ன பாட வேண்டும், கல்யாணத் தரகர்கள் குடையைக் கையில் பிடித்தபடி என்ன பேசுவார்கள் என்று ஒவ்வொன்றாக அவள் ஏற்ற ஏற்ற, கலிபோர்னியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆட்கள் வந்து படித்தார்கள். உறவுமுறைப் பாடத்துக்கு என் குரலைத்தான் பிடித்துப் போட்டாள். அண்ணன், தம்பி, அத்தை, மாமா என்று ஒவ்வொன்றாக நான் மைக்கில் சொல்ல வேண்டும். கடைக்கு வந்தவள் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்கதானே அந்த அத்தை மாமா சொல்றவர்?" என்று கேட்டு, அந்த உரிமையிலேயே பாவாடை விலையில் பாதியைக் குறைத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் இருந்தது. வழிப்பாட்டு மட்டும் இல்லை.

எங்களில் ஒருவர் செத்தால், பாட்டுக்காரர் உடலின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடும் பாட்டு அது. செத்தவர் கடைசியாக இருந்த வீட்டில் தொடங்கும். அங்கிருந்து அதற்கு முந்திய வீடு, அதற்கும் முந்திய வீடு என்று பின்னோக்கி நடத்திக்கொண்டு போகும். ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, 'இந்த மண்ணில் நடந்தாய், இந்தத் தண்ணீரைக் குடித்தாய், இந்த விறகை எரித்தாய், நன்றி சொல்லிவிட்டு வா' என்று சொல்ல வைக்கும். கடைசியில் பிறந்த இடத்துக்குப் போய், அங்கே புதைத்த நஞ்சுக்கொடியை எடுத்துச் சட்டையாகப் போட்டுக்கொண்டு முன்னோரிடம் சேர வேண்டும். முன்னால் ஒரு சேவல் வழிகாட்டிக்கொண்டு போகும். நடுவில் ஓர் இடம் விட்டுப்போனால் செத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். மேலே போக மாட்டார், திரும்பவும் மாட்டார்.

ப்ளியாவின் ஒரே மகன் லெங்குக்கு இந்தப் பாட்டைப் பாடவில்லை.

முந்திய குளிர்காலத்தில் அவன் செத்துப்போனான். டென்வரில் வேலை பார்க்கிறேன் என்றுதான் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே நண்பன் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாக அவன் அப்பா வாமெங் சொன்னான். வாமெங்கும் ப்ளியாவும் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. பிரிந்தாலும் பிள்ளை அப்பன் குலத்துக்குத்தான். அப்பன் குலம் சொல்கிறபடிதான் சாவு. வாமெங் அதுவரைக்கும் கிறிஸ்துமஸ் கேக்குக்காக மட்டும் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தவன், மகன் செத்த வாரம் முழு விசுவாசி ஆகிவிட்டான். நாள்கணக்கில் நடக்க வேண்டிய சாவு ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. முரசும் இல்லை, மூங்கில் குழலும் இல்லை, சேவலும் இல்லை. எங்கள் வழக்கப்படி சாவு வீட்டில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை, மண்டியிட்டு வரவேற்பார்கள். எனக்குக் காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள்.

"நம்ம பாட்டுக்காரங்க இல்லாத ஊர்ல எத்தனை பேரு செத்துப்போறாங்க அண்ணே" என்றாள் ப்ளியா. "அவங்களுக்காக நம்ம இணையப் பக்கத்துல ஒரு பெட்டி செய்யலாம்னு இருக்கேன். பேரை எழுதி, இருந்த இடத்தையெல்லாம் வரிசையா எழுதினா, பாட்டு தானா கோத்துக்கிட்டுப் பாடணும்."

"யாருக்கு முதல்ல பாடும்?"

அவள் பாவாடைக் கட்டு ஒன்றை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். 

பாட்டுக்காரர் நியாச்சூவுக்கு எங்கள் சந்தையில் சனிக்கிழமைதோறும் காரமான பப்பாளி சாலட் சாப்பிடுகிற வழக்கம் உண்டு. மூக்கில் நீர் வழிய வழியச் சாப்பிடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் எதையும் கேட்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து, அவர் குரலில் வழிப்பாட்டைப் பதிய வேண்டும் என்ற சங்கதியைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"கூறுகெட்டவனே, பொணம் இல்லாத வீட்டுல அந்தப் பாட்டை எடுத்தா அது சும்மா போகுமா? கூட்டிட்டுப் போக ஆள் தேடும். ஆள் இல்லேன்னா பக்கத்துல நிக்கிறவனைக் கூட்டிக்கும்."

"அப்ப உங்க சீடனுங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கிறீங்க மாமா?"

"காருக்குள்ள உக்காத்திவெச்சு. காரு வீடு இல்ல பாரு. வாசல் சாமி கிடையாது, அடுப்புச் சாமி கிடையாது, பாட்டுக்குக் காலூனவே இடமில்ல."

"என்கிட்ட பெரிய வேன் இருக்கு."

"இருக்கட்டும். வெச்சு ஓட்டு."

"மாமா, வண்டியில பாடினா அது பாட்டே இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. பாட்டே இல்லாத ஒண்ணுக்கு ஏன் இவ்வளவு பயம்?"

அவர் மறுபடி கரண்டியை எடுத்தார். "உங்கப்பன் எனக்குக் கண்ணு மங்கின எருமையை வித்தான். நீ அவனுக்கு மேல" என்றார். பேரம் படிந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்று நிபந்தனை போட்டார். பாட்டை வரிசையாகப் பாட மாட்டார். நடுவில் ஒரு துண்டு, வாலில் ஒரு துண்டு, அப்புறம் தலை என்று பிய்த்துத்தான் கொடுப்பார். பதிவில் எவர் பெயரையும் தன் வாயால் சொல்ல மாட்டார். பெயரையும் ஊரையும் சாவு வீட்டுக்காரர்களே தங்கள் குரலில் பதிந்து கோத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது. எங்கள் சந்தையில் பெயர் போடாதே என்று பேரம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஜனவரியில், சந்தைக்குப் பின்னால் வண்டிகள் நிற்கிற திடலில், என் வேனுக்குள் பாட்டைப் பிடித்தோம். இஞ்சின் ஓடினால் பதிவில் உறுமல் விழுகிறது. அணைத்தால் குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. அணைத்துவிட்டுத்தான் பாடினார். கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சு உறைந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. ஒரு துண்டு முடிந்ததும் இஞ்சினைப் போட்டுக் கையைச் சூடேற்றிக்கொள்வோம். பிறகு அடுத்த துண்டு.

"மனுஷன் இருப்பானா இதுல?" என்றார் நியாச்சூ, கம்பளியை மூக்கு வரைக்கும் இழுத்தபடி. "செத்தவனே பரவால்ல போலிருக்கு. அவனுக்காவது போக ஓர் இடம் இருக்கு."

ப்ளியா சிரித்தாள். மகன் போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெட்டி தயாரானது. முதல் கட்டத்தில் பெயர். அடுத்தது கடைசியாக வசித்த இடம். பிறகு அதற்கு முந்தியது, முந்தியது என்று வேண்டிய அளவுக்கு நீளும். கடைசியில் பிறந்த இடம். வீட்டில் உடல் இருக்கும்போது மட்டும் ஒலிக்க விடவும் என்று மேலே சிவப்பில் எச்சரிக்கை. வேறு எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் பெட்டி பாடிவிடும், 'கடைசியாக வசித்த இடம்' காலியாக இருந்தால் மட்டும் பாடாது. அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை வைக்கச் சொன்னவர் நியாச்சூ.

"அது இல்லேன்னா பாட்டுக்கு வாசப்படி இல்ல. எங்கேருந்து கிளம்புவான்?"

முதலில் அதைப் பயன்படுத்தியது அர்கன்சாவில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு குடும்பம். பனிப்புயலில் சாலை மூடிவிட்டதாம். பாட்டுக்காரர் வந்து சேர முடியவில்லை. அவர்கள் அப்பா இருந்த இடங்களையெல்லாம் பிள்ளைகளே சொல்லி, பாட்டை ஓடவிட்டு, அவரை லாவோஸ் மலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். மூத்த மகள் எழுதிய நன்றியை ப்ளியா எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். திரையில் லெங்கின் பெயர் எழுதியிருந்தது.

"நஞ்சுக்கொடியை என்ன பண்ணினாங்கன்னு தெரியல. ஆஸ்பத்திரியில பொறந்தவன். பாட்டுக்கார மாமாகிட்ட கேட்டேன், ஆஸ்பத்திரி மண்ணைச் சொல்லு, எல்லாருக்கும் இப்ப அப்படித்தான்னாரு. சலவைக்கடை மாடியில இருந்த வீடு, ரயில் ரோட்டோர வீடு, பிரிஞ்சப்புறம் நானும் அவனும் இருந்த ரெண்டு அறை, எல்லாம் சொல்லிப் பதிஞ்சுட்டேன். உடம்பு வீட்டுல இல்லதான். அவன் உடுப்பைத் தலைமாட்டுல வெச்சுக்கலாம்னு மாமா சொன்னாரு. டென்வர் வீட்டு முகவரிதான் வேணும் அண்ணே. அவங்கப்பா போனை எடுக்கவே மாட்டேங்கிறாரு."

"நான் போறேன்."

"சண்டை போடாதே."

"நான் வியாபாரி. சண்டை போட்டா எனக்கு நஷ்டம்."

வாமெங் தன் வீட்டு வண்டிக் கொட்டகையில் தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடித்த மீன்களைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். சுவரில் ஒரு சிலுவை. அதற்குக் கீழே, பழைய சாமிக்குக் கட்டிய கிழங்குக் கொத்து இன்னும் தொங்கியது. கையில் மீன் வாடை என்று முழங்கையை நீட்டினான். நான் முழங்கையைக் குலுக்கினேன்.

"வா மச்சான். தொப்பை கூடிப்போச்சு. போலிக் காசு நல்லா ஓடுது போல."

"உன் மீனும்தான் கூடிப்போச்சு. ஏரியில ஏதாவது மிச்சம் வெச்சியா?"

இப்படிக் கொஞ்ச நேரம். எங்கள் ஊரில் நேராகக் கேட்டால் வாங்க வந்தவன் தோற்றான். மீன், சளி, அவனுடைய முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கிற மாதிரி எழுந்து, வாசல் பக்கம் போய்த் திரும்பினேன்.

"ஆமா, லெங் இருந்த வீட்டு முகவரி வெச்சிருக்கியா? டென்வர்ல."

சுரண்டுகிற கை நின்றது. மறுபடி ஓடியது.

"எதுக்கு?"

"அவன் அம்மா கேக்குறா."

"அவன் போய்ச் சேர்ந்துட்டான் மச்சான். கர்த்தர்கிட்ட சேர்ந்துட்டான். சேர்ந்தவனுக்கு எதுக்கு வழி?"

"சேர்ந்த இடத்தை யாரு கேட்டா? கிளம்பின இடத்தைத்தானே கேக்குறேன். உன் சாமிக்கும் அதுல ஒண்ணும் குறைஞ்சுடாது."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"தெருப் பேரு மட்டும் போதும்."

"இல்ல."

"அந்த நண்பன் பேரைச் சொல்லு. நான் விசாரிச்சுக்கிறேன்."

"மச்சான், விட்டுடு."

"தாய்மாமன் கேக்குறேன்டா. வேற மரியாதை எதுவும் எனக்கு நீ செய்யல. இதையாவது செய்."

அது படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது. கத்தியைக் கீழே வைத்தான். செதில் ஒட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"டென்வர்லாம் இல்ல" என்றான். "இங்கேதான் இருந்தான்."

"இங்கேன்னா?"

"இந்த ஊர்லதான். கிழக்குப் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்துல மூடிக்கிடக்கே, பெரிய கடை. அது முன்னாடி. கார்ல. நான் வாங்கிக் குடுத்தனே, அந்தப் பச்சைக் காரு."

எனக்கு முதலில் புரியவில்லை. "கார்ல என்ன?"

"கார்லதான் இருந்தான் மச்சான். வேலை போய், வீடு போய், ஒண்ணே முக்கா வருஷமா. ஒரு எடத்துல விரட்டினா இன்னொரு எடம். குளிருக்கு இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கியிருக்கான். பின்னாடி புகைக்குழாயைப் பனி மூடிடுச்சு. போலீஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

மேலே அவனுடைய இரண்டாவது மனைவி நடக்கிற சத்தம் கேட்டது. அது அடங்கியதும் கேட்டேன்.

"எங்ககிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா?" வாமெங் முகத்தைத் தூக்கினான். "உங்க பாட்டுக்காரன் வந்து உக்காந்து, அத்தனை குலத்துக்கும் முன்னாடி, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'லெங், நீ கடைசியா இருந்த வீட்டுக்கு நன்றி சொல்லு, அந்த வாசலுக்குச் சொல்லு, அந்த அடுப்புக்குச் சொல்லு'ம்பான். எந்த வாசல்? எந்த அடுப்பு? அவன் அப்பனுக்கு மூணு படுக்கையறை வீடு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். சர்ச்சுல யாரும் முகவரி கேக்கல மச்சான். அதான் போனேன்."

நான் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். எதிராளி கடைசி விலையைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். அதற்குப் பிறகு வாயைத் திறப்பவன் வியாபாரி இல்லை. வாமெங் மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ப்ளியாவிடம் மறைக்கலாமா என்று வழியெல்லாம் நினைத்தேன். மறைப்பதற்கும் ஒரு பொய் முகவரி வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "எந்தப் பக்கம்?" என்றாள்.

சொன்னேன். சந்தைக்கு வருகிற வழிதான். அவள் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

"அந்த வாரம் போன்ல கேட்டேன்" என்றாள். "குளிரு எப்படிடா அங்கேன்னு. இங்க அவ்வளவா இல்லம்மா, உங்க ஊரை விடப் பரவால்லன்னான்."

பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அன்றைக்கு விற்காத பாவாடைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

நியாச்சூவிடம் நான் தனியாகத்தான் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"காரு வீடு இல்லப்பா. உன்கிட்டயே சொன்னேனே."

"அதை வெச்சுத்தான் மாமா உங்களை அன்னிக்கு மடக்கினேன். இன்னிக்கு அதையே என் மேல திருப்புறீங்களே."

"நான் திருப்பல. அது அப்படித்தான் இருக்கு. வாசப்படி இல்லாத எடத்துல நான் எங்க நின்னு அவனைக் கூப்பிடறது?"

"காரை விடுங்க. அது நின்ன மண்ணு? தாருக்குக் கீழே மண்ணு இருக்கும்ல? மண்ணுன்னா மண்ணுக்கு ஒரு காவல் சாமி இருக்கும்ல?"

யோசித்தார். எழுந்துபோய்த் துணிப்பையை எடுத்து வந்தார். பிளந்த எருமைக்கொம்பு இரண்டு பாதியும் அதற்குள்தான் இருக்கும். அவற்றை வீசிப்போட்டுத்தான் செத்தவரின் சம்மதத்தைக் கேட்பார்கள்.

"சேவல் ஒண்ணு பிடி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். வேனில் முன்னால் நியாச்சூ. பின்னால் ப்ளியா, மடியில் லெங்கின் பழைய சட்டை. அவள் பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் சேவல். அது வழி நெடுக ஒரு சத்தமும் போடவில்லை.

மூடிக்கிடந்த கடையின் முன்னால் திடல் வெறிச்சென்று கிடந்தது. விளக்குக் கம்பங்களின் அடியில் பனியைக் குவித்துத் தள்ளியிருந்தார்கள். லெங் எந்தக் கம்பத்தடியில் காரை நிறுத்தியிருந்தான் என்று யாருக்கும் தெரியாது. ப்ளியா இறங்கி ஒரு கம்பத்தடியில் நின்றாள். பிறகு அடுத்ததுக்கு நடந்தாள். பிறகு சட்டையை ஓர் இடத்தில் விரித்தாள். நியாச்சூ குந்தி உட்கார்ந்து, சேவலை அட்டைப்பெட்டியோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொம்பைக் கையில் எடுத்தார். "லெங், கூ குலத்து மகனே" என்று தொடங்கியதுமே மஞ்சள் விளக்கு சுழல ஒரு வண்டி வந்தது.

காவலாளி. சின்ன வயசு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணாடியை இறக்கினான்.

"இங்க நிக்கக் கூடாதுங்க."

"பத்து நிமிஷம் தம்பி" என்றேன். "ஒரு சின்னப் பிரார்த்தனை."

"கோழியா அது?"

"ஆமா, வளக்குற கோழி. ரொம்ப நல்ல கோழி. பத்து நிமிஷம். உனக்கும் சேத்து வேண்டிக்கிறோம்."

"தனியார் இடம் சார். நான் விட்டா என் வேலை போயிடும். யாரு வந்தாலும் இதேதான் சொல்லுவேன்."

அவன் கெட்டவன் இல்லை. இன்னொரு நாள் என்றால் அவனுக்கு ஒரு இடுப்புப் பட்டையே விற்றிருப்பேன். ப்ளியா சட்டையை எடுத்து உதறினாள்.

"போலாம் அண்ணே. லெங்கையும் இப்படித்தான் போகச் சொல்லியிருப்பாங்க."

விரட்டியபோது அவன் போயிருக்கக்கூடிய அடுத்த திடலுக்குப் போனோம். அங்கே காவலாளி இல்லை, பலகை இருந்தது: நிறுத்தினால் இழுத்துச் செல்லப்படும். நியாச்சூ அவசர அவசரமாகக் குந்தி, "லெங், இதுவா? இந்த இடமா?" என்று கேட்டுக் கொம்பை வீசினார். விழுந்த விதம் ஒப்பவில்லை. திரும்ப எடுத்து வீசினார். ஒப்பவில்லை. அதற்கடுத்து ஒரு தேவாலயத் திடல். வழிபாட்டுக்கு வந்த வண்டிகளுக்கு நடுவே வீசிய கொம்பின் ஒரு பாதி வழுக்கி எவருடைய காருக்கடியிலோ போய்விட்டது. நான் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு எடுத்து வந்தேன். அதற்கடுத்து ஏரிக்கரை. அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம். ஓர் இடத்திலும் கொம்பு சரியாக விழவில்லை.

கடைசியில் அவர் கொம்பைப் பைக்குள் போட்டுவிட்டார். விரல்கள் நீலம் பூத்திருந்தன.

"வர மாட்டேங்கிறான்னு இல்ல தாயி" என்றார் ப்ளியாவிடம். "எங்கே நிக்கிறோம்னு அவனுக்கே தெரியல."

திரும்பும்போது எவரும் ஹீட்டரைப் போடச் சொல்லவில்லை. நானும் போடவில்லை.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்து, அந்தக் கட்டத்துக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏதாவது ஒண்ணைப் போடு ப்ளியா. வாமெங் வீட்டைப் போடு. என் வீட்டைப் போடு. நான் அவன் தாய்மாமன், என் வீட்டுல இருந்தான்னு நானே சொல்றேன்."

"பொய் முகவரி குடுத்தா அங்க போய்க் கதவைத் தட்டுவான் அண்ணே. வாசல் சாமி எழுந்து வந்து பாக்கும். 'நீ இங்க இருந்ததில்லையே'ன்னு சொல்லும். இன்னொரு தடவை அவனைப் போன்னு சொல்ல வைக்கணுமா?"

"அப்ப அந்த நட்சத்திரத்தை எடுத்துடு. உன் பெட்டிதானே."

"எடுத்துட்டா பாட்டு நானும் அவனும் இருந்த ரெண்டு அறையில தொடங்கும். அவனைக் கேக்காமலே அங்கேருந்து கிளம்பிப் போயிடும். அவன் எங்கேயோ நிப்பான், வெறும் பாட்டு மட்டும் போய்ச் சேரும்."

நான் தொங்கிய இடுப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.

அந்த இணையப் பக்கம் இன்னும் இருக்கிறது. முழுக்க முழுக்க இலவசம். ஜனங்கள் வந்து படிக்கிறார்கள், பெட்டியில் பெயர் எழுதுகிறார்கள், தங்கள் அப்பாவையும் அத்தையையும் மலை தாண்டி அனுப்பிவிட்டு நன்றி எழுதுகிறார்கள். ப்ளியா இப்போது அவற்றுக்குப் பதில் எழுதுவதில்லை. புதிய பாடம் எதுவும் ஏற்றுவதும் இல்லை. உறவுமுறைப் பாடம் பாதியில் நிற்கிறது. அடுத்து நான் சொல்ல வேண்டியது 'தங்கை மகன்'. மைக் கடையில் பாவாடைக் கட்டுக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கிறது. அவளும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. சந்தைக்கு அவள் இப்போது வேறு வழியாகச் சுற்றி வருகிறாள்.

சேவல் என் வண்டிக் கொட்டகையில் இருக்கிறது. வழிகாட்டப் பிடித்த சேவலை வேறு எதற்கும் அறுக்க முடியாது, விற்கவும் மனம் வரவில்லை. பழைய கம்பளி ஒன்றை விரித்துக் கொடுத்திருக்கிறேன். விடிந்தால் கதவுப் பக்கம் வந்து நின்று கூவுகிறது. திறந்துவிட்டால் வெளியே எட்டி, பனியைப் பார்த்துவிட்டு, அங்கேயே நிற்கிறது.